மூன்றாம் பாகம் எங்கே? எங்கள் ஊர் நூலக அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர்ப் பொது நூலகத்தின் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும், எந்தப் புத்தகத்தை வாங்குவது, எதைக் கழிப்பது என்று முடிவெடுக்கும் குழுவினருக்கும்,

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தேன். காலண்டர் அட்டை, பெட்டி அட்டை என்று என் தொழிலுக்கு ஆகிறதை அந்தக் கடைக்காரர் ஒதுக்கி வைப்பார். அன்றைக்குத் தராசுக்குப் பக்கத்தில் சணல் கயிறு போட்ட புத்தகக் கட்டுகள் பத்துப் பன்னிரண்டு கிடந்தன. ஒரு கட்டின் மேலே கரும்பச்சைக் காலிகோத் துணி போட்ட ஒரு முதுகு தெரிந்தது. எடுத்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அது நான் கட்டிய புத்தகம். என் தையலை எனக்குத் தெரியாதா?

உள்ளே நூலகத்தின் ஊதா முத்திரை. அதற்குக் கீழே "நன்கொடை" என்று மையில் எழுதியிருந்தது. அதன் குறுக்கே சிவப்பில் "கழிவு". கடைக்காரர் கிலோ 12 ரூபாய் என்றார். 900 கிராம் இருந்தது. 11 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன். அந்தப் புத்தகம் இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் மீதி புரியும். மஞ்சக்குப்பத்தில் ஐம்பது வருடத்துக்கு மேலாகப் புத்தகம் பைண்டிங் செய்கிறேன். 1971-இல் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, அப்பாவின் கடையில் தாள் மடிக்க உட்கார்ந்தேன். ரெக்கார்டு நோட்டு, கோர்ட் கட்டு, மளிகைக்கடைப் பேரேடு என்று கட்டாதது இல்லை. உங்கள் நூலகத்தின் புத்தகங்களையும் பல வருடம் நான்தான் கட்டினேன். அப்புறம் அந்த வேலை வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. (கொஞ்சம் உண்டு. அதைப் பேச இந்தக் கடிதம் இல்லை.)

அந்தப் பச்சைப் புத்தகத்தின் கதையைச் சொல்கிறேன். சாண்டில்யனின் கடல்புறா குமுதத்தில் தொடராக வந்த காலத்தில், புதுப்பாளையத்தில் ஒரு டீச்சரம்மா வாரா வாரம் அந்தப் பக்கங்களை மட்டும் கத்தரித்துச் சேர்த்து வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அது வீட்டுக்கு வீடு நடந்த வேலை. இன்று கடையில் மூன்று பாகமாகக் கிடைக்கிற கடல்புறா, எங்கள் கடைக்கு லதா வரைந்த படங்களோடு, முறுக்கு எண்ணெய்க் கறையோடு, துணிப்பையில் வந்தது. டீச்சரம்மாவின் கட்டில் ஒரு வாரம் குறைந்தது. அந்த இதழை யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்து வீட்டுப் பிரதியை ஓர் இரவுக்கு வாங்கி, அந்த அத்தியாயம் முழுவதையும் கோடு போட்ட தாளில் கையால் எழுதிக் கொண்டுவந்தார். படம் இருந்த இடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டு, நடுவில் "கப்பல்" என்று எழுதியிருந்தார். "இதையும் சேர்த்துத் தைச்சுடுங்க" என்றார். அப்பா தைத்து வைத்திருந்த அந்தக் கட்டைப் பல வருடம் கழித்துப் பிரித்து மறுபடி கட்டினது நான். டீச்சரம்மா காலமான பிறகு அவர் வீட்டார் அதை உங்கள் நூலகத்துக்குக் கொடுத்தார்கள். நீங்கள் 11 ரூபாய்க்குப் போட்டீர்கள்.

மறுநாளே நூலகத்துக்குப் போனேன். அறிவிப்புப் பலகையில் உங்கள் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. சிதைந்த நூல்கள் கழிக்கப்படும். மூன்று ஆண்டுகளாக இரவல் போகாத நூல்கள் கழிக்கப்படும். மாத நாவல்கள் முழுவதும் கழிக்கப்படும். பல பாகங்களாக வரும் நாவல்கள் இனி வாங்கப்பட மாட்டா. "தரமான நூல்களுக்கு இடம் ஒதுக்கும் பொருட்டு" நாவல் அறை போட்டித் தேர்வு மாணவர்களின் வாசிப்புக் கூடமாக மாற்றப்படும். இதில் நூலகர் அம்மாவின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மேலிருந்து வந்த தாளை ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான். நூலகத்தின் பெயரை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. எந்த நூலகம் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் முதல் இரண்டு விதிகளும் பார்க்க நியாயமாகத்தான் தெரிகின்றன. கிழிந்ததை எத்தனை நாள் வைத்திருப்பது, யாரும் எடுக்காததை எதற்கு வைத்திருப்பது என்று யாரும் கேட்கலாம். ஒற்றைப் புத்தகத்துக்கு இது சரி. தொடர் நாவலுக்கு இந்த விதிகளை வைத்தால் என்ன ஆகிறது என்பதை உங்கள் ரேக்கிலேயே பார்த்தேன்.

பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம். உங்கள் நூலகத்தில் ஐந்தும் இருந்தன, ஐந்தையும் ஒரே மெரூன் ரெக்சினில் கட்டியவன் நான். 2015 வெள்ளத்தில் கீழ்த்தட்டில் இருந்த புத்தகங்கள் நனைந்தன. மூன்றாம் பாகம் அதில் போனது. அதற்குப் பதில் ஒன்று வாங்கப்படவே இல்லை. அதிலிருந்து என்ன நடந்தது என்று யோசியுங்கள். முதல் பாகத்தை எல்லாரும் எடுத்தார்கள், அதனால் அது கிழிந்தது. இரண்டாம் பாகத்தைக் கொஞ்சம் பேர் எடுத்தார்கள். நாலாம் பாகத்தையும் ஐந்தாம் பாகத்தையும் யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? நடுவில் பாலம் உடைந்த ரோட்டில் பஸ் வராது. அந்த இரண்டு பாகத்திலும் பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டில் வருடக்கணக்காக ஒரு முத்திரைகூட விழவில்லை.

இப்போது உங்கள் விதி வருகிறது. முதல் பாகம் சிதைந்தது, கழிவு. நாலும் ஐந்தும் இரவல் போகவில்லை, கழிவு. மூன்றாவது ஏற்கெனவே இல்லை. ஐந்து பாகத்தில் இன்றைக்கு உங்கள் ரேக்கில் இருப்பது இரண்டாம் பாகம் ஒன்று மட்டும். முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் சுழற்காற்று தனியாக நிற்கிறது. அதிகம் படித்ததால் ஒரு பாகத்தையும், படிக்க வழியில்லாததால் இரண்டு பாகத்தையும் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். அடுத்த மூன்று வருடத்தில் அந்த இரண்டாம் பாகத்தையும் யாரும் எடுக்கமாட்டார்கள். அப்போது அதையும் கழிக்கலாம். விதிப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

எங்கள் தெருவில் நர்சிங் படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். 2022 செப்டம்பரில் பொன்னியின் செல்வன் படம் வந்ததும் போய்ப் பார்த்தாள். இளவரசர் கடலில் போனதோடு முதல் படத்தை முடித்துவிட்டார்களா, அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "தாத்தா, அவர் பொழச்சாரா இல்லையா, நீங்களாவது சொல்லுங்க" என்றாள். நான் சொல்லவில்லை, நூலகத்துக்குப் போ என்றேன். போனாள். பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகம் தொட்டிராத பெண், முதல் பாகத்தை ஒன்பது நாளில் முடித்தாள். இரண்டாம் பாகத்தை அதைவிட வேகமாக. அந்தப் பாகம் முடிகிற இடத்திலும் இளவரசர் கடலில்தான். கரைக்குக் கொண்டுவர மூன்றாம் பாகம் வேண்டும். அது உங்களிடம் இல்லை. கடைசியில் அவள் 2023 ஏப்ரலில் இரண்டாவது படம் வருகிற வரைக்கும் காத்திருந்தாள். ஏழு மாதம். அதற்குப் பிறகு அவள் நூலகத்துக்கு வரவில்லை. ஒரு வாசகியை எந்த நாளில், எந்தப் பக்கத்தில் இழந்தோம் என்று எல்லா நேரமும் தெரியாது. இதில் தெரியும்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல், அந்தக் கதை தொடங்குவதே நம் மாவட்டத்தில். ஆடிப் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிற வீரநாராயண ஏரி, நம் காட்டுமன்னார்கோவில் பக்கத்து வீராணம். ஆதித்த கரிகாலன் சாகிற கடம்பூரும் அங்கேதான். அந்தக் கொலையில் தண்டிக்கப்பட்டவர்களைப் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிற கோவிலும் காட்டுமன்னார்கோவிலில்தான். 1950-இலிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் ஒரு மனிதர் வாரா வாரம் நம் ஊர் ஏரியிலிருந்து கதையை நடத்திக்கொண்டு போயிருக்கிறார். நம் ஊர் நூலகத்தில் அந்தக் கதை முழுதாக இல்லை.

இது ஒரு புத்தகத்தோடு நிற்கவில்லை. ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து கணக்கு எடுத்தேன். யவன ராணி இரண்டு பாகத்தில் ஒன்று இல்லை. பாலகுமாரனின் உடையார் ஆறு பாகத்தில் மூன்று இருக்கின்றன, அவையும் அடுத்தடுத்தவை இல்லை. ஸ்ரீவேணுகோபாலனின் திருவரங்கன் உலா போய்விட்டது, அதன் தொடர்ச்சியான மதுரா விஜயம் மட்டும் நிற்கிறது. சுஜாதாவின் மீண்டும் ஜீனோ இருக்கிறது, அதற்கு முந்தைய என் இனிய இயந்திரா இல்லை. அந்த நாய்க்குட்டி இயந்திரம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே ஒரு பையன் அதை மீண்டும் சந்திக்க வேண்டும். நம் பக்கத்துப் புதுச்சேரிக்காரர் பிரபஞ்சன், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து எடுத்து பிரெஞ்சு கவர்னர் டூப்ளே காலத்துக் கதையை மானுடம் வெல்லும், வானம் வசப்படும் என்று அடுத்தடுத்து எழுதினார். இரண்டாவதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. விருது வாங்கியதை வைத்துக்கொண்டு முதலாவதைக் கழித்திருக்கிறீர்கள். அட்டை போயிருந்ததாம். அட்டை போனால் போடுவதற்குத்தானே என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்?

இதற்கெல்லாம் அடியில் உங்கள் பதிவேடு இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிப் பதிவு எண் கொடுக்கிறீர்கள். பதிவேட்டுக்கு அவை ஐந்து புத்தகம். படிக்கிறவனுக்கு ஒன்று. வேட்டியை நாலாகக் கிழித்து, இதில் இரண்டு துண்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றால் இடுப்பில் கட்ட முடியுமா?

அடுத்து, "தரமான" என்கிற அந்தச் சொல். அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எல்லாமே காவியம் என்று நான் சொல்லவரவில்லை. சாண்டில்யன் வர்ணனை வந்தால் நாலு பக்கம் தள்ளிப் போகிறவன்தான் நானும். (தள்ளாமல் படித்தவர்களும் உண்டு. எந்தப் பக்கத்தின் ஓரம் அதிகம் அழுக்காகியிருக்கிறது என்று பைண்டருக்குத் தெரியும். அதை வெளியே சொல்லக் கூடாது.) மாத நாவல்களில் பாதி, படித்து முடித்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மறந்துபோகும். ஆனால் தரம் என்கிற கோட்டை எங்கே போடப்போகிறீர்கள்? மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தனுக்கு ஞானபீடம் கொடுத்தார்கள். அவர் எழுதியது ஆனந்த விகடனில்தானே? 1966-இல் விகடனில் வந்த அக்னிப் பிரவேசம் சிறுகதைக்கு ஊரெல்லாம் சண்டை போட்டது. கதையின் முடிவு வேறாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே சில நேரங்களில் சில மனிதர்களை எழுதினார். அப்புறம் அதன் நாயகி கங்கையை விட மனசில்லாமல் கங்கை எங்கே போகிறாள் என்று மறுபடி எழுதினார். பாகம் ஒன்று, பாகம் இரண்டு என்று அச்சடிக்காவிட்டாலும் அதுவும் தொடர்தான். வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததும், எழுதுகிறவருக்கும் அந்தப் பாத்திரத்தை விட முடியாமல் போனதும்தான் தொடராகிறது. கல்கிக்கும் சாண்டில்யனுக்கும் நடந்தது ஜெயகாந்தனுக்கும் நடந்தது. நம் ஊர்க்காரருடைய அந்தக் கங்கை எங்கே போகிறாள் புத்தகமும் நான் பார்த்த கட்டில் இருந்தது. அதை வாங்க அன்றைக்கு என் பையில் சில்லறை இல்லை, மறுநாள் போவதற்குள் லாரி வந்துவிட்டது.

மாத நாவல்களை ஒட்டுமொத்தமாகக் கழிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அவை நூலகத்தில் எப்படி இருந்தன என்று உங்களில் யாராவது பார்த்ததுண்டா? நியூஸ்பிரிண்ட் தாள், நடுவில் இரண்டு பின். கடலூர்க் காற்றில் அந்தப் பின் ஆறே மாதத்தில் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். அதனால் பின்னைக் கழற்றி, நாலு நாவலை ஒன்றாகச் சேர்த்து, மைதாப் பசையில் துளி மயில்துத்தம் கலந்து, பூச்சி வராமல் கட்டுவேன். முதுகில் எழுத இடம் போதாது. அதனால் அப்போதிருந்த நூலகர் ஆசிரியர் பெயரை எழுதச் சொல்லவில்லை, கதையில் துப்பறிகிற ஆட்களின் பெயரை எழுதச் சொன்னார். விவேக் – ரூபலா 7. பரத் – சுசீலா 3. நரேந்திரன் – வைஜெயந்தி 5. வருகிறவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். ராஜேஷ்குமார் இருக்கிறாரா, பட்டுக்கோட்டை பிரபாகர் இருக்கிறாரா, சுபா இருக்கிறார்களா என்று கேட்டதைவிட, "விவேக் புதுசு வந்திருக்கா?" என்று கேட்டவர்கள் அதிகம். சொந்தக்காரர் ஊரிலிருந்து வந்திருக்கிறாரா என்று விசாரிக்கிற மாதிரி இருக்கும்.

நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிற விஷயம் இது. ஜே.ஆர்.ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனைக் கொண்டுவந்தார். தமிழ்வாணன் சங்கர்லாலுக்கு ஒரு கோப்பைத் தேநீரைக் கொடுத்து யோசிக்க வைத்தார். சுஜாதா நைலான் கயிறில் கணேஷை மட்டும் அனுப்பினார், வசந்த் அப்புறம் வந்து சேர்ந்தான், அதற்குப் பிறகு வசந்த் இல்லாமல் கணேஷை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரே ஆளை மறுபடி மறுபடி சந்திக்கலாம் என்பதற்காகவே படிக்க வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிப்காட்டில் ராத்திரி ஷிப்ட் வாட்ச்மேன் ஒருவர். தேவனாம்பட்டினத்தில் வலை பின்னுகிற ஒருவர், கூட இருக்கிற இரண்டு பேருக்குப் படித்துக் காட்டுவார். என் மனைவி ஐந்தாம் வகுப்பு. கல்யாணமான புதிதில் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். லக்ஷ்மியும் ரமணிசந்திரனும்தான் அவளுக்கு வாத்தியார்கள். இன்று தினசரியில் எனக்குப் புரியாத செய்தியை எனக்கு விளக்கிச் சொல்கிறாள்.

நானும் அப்படி வந்தவன்தான். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு மீதிப் படிப்பைக் கொடுத்தது மடிக்க வந்த தாள்கள். கடல்புறா கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் தொடங்குகிறது. நான் அதை நம் பண்ருட்டி ரோட்டுப் பாலூர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்காய் விளைகிற ஊரில் கடல் எங்கே இருக்கிறது என்று அப்பாவைக் கேட்டு அடி வாங்கினேன். கலிங்கம் என்று ஒரு தேசம் இருந்தது, சோழர்களின் கப்பல் அங்கேயும் அதைத் தாண்டியும் போனது என்பதெல்லாம் அந்த அடிக்குப் பிறகு தெரிந்ததுதான்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நம்மையும் புதுச்சேரியையும் அடித்தது நினைவிருக்கும். எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. டி.வி. இல்லை, செல்போனில் சார்ஜ் இல்லை. வேரோடு சாய்ந்த பலா மரங்களைப் பற்றிப் பேசிப் பேசி ஆண்கள் ஓய்ந்துபோனார்கள். பிள்ளைகள் பயந்துகொண்டே இருந்தார்கள். கட்டுவதற்காக நூலகத்திலிருந்து என் வீட்டுக்கு வந்திருந்த யவன ராணியை ஹரிக்கேன் விளக்கில் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். முதல் நாள் ஆறு பேர். நாலாம் நாள் எதிர் வீட்டுத் திண்ணையும் நிரம்பியது. கரண்ட் வந்த அன்றைக்குக் கதை முடியவில்லை. டி.வி. போடாமல் "இன்னிக்கும் படிங்க மாமா" என்று பிள்ளைகள் வந்து நின்றார்கள். அன்று படித்தது இரண்டாம் பாகம். அன்றைக்கு அது இருந்தது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இடம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திருப்ப வேண்டாம். என் மகளே குரூப் 4 எழுதித்தான் வேலைக்குப் போனாள், அதே நூலகத்தின் வராந்தாவில் உட்கார்ந்து படித்தாள். அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல நாற்காலியும் காற்றாடியும் கட்டாயம் கொடுங்கள். ஆனால் அதற்கு நாவல் ரேக்கைத்தான் எடுக்க வேண்டுமா? மாடியில் உடைந்த நாற்காலிகளும் பழைய தேர்தல் பெட்டிகளும் அடைத்த ஓர் அறை பூட்டியே கிடக்கிறது. அதில் நாலு ரேக் போடலாம். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை ஆறு மணி நேரம் கைடு புரட்டிய பிறகு எழுந்து போய் அரை மணி நேரம் கணேஷ்–வசந்த் படிக்கக் கூடாதா? என் மகள் அப்படித்தான் படித்தாள். மறைத்து வைத்துப் படித்தாள் என்பது வேறு விஷயம்.

காசு இல்லை என்று சொல்வீர்கள். என் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கிறது, வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 1948-இல் இந்த மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்ததிலிருந்து நம் பாட்டன்கள், அப்பன்கள், நாம் எல்லாரும் கட்டிவருகிறோம். தனியாகக் கல்வெட்டு வைக்காத புரவலர்கள் நாங்கள். சிதம்பரத்தைத் தாண்டினால் வருகிற சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் அவரைப் பாடமாகவே படித்திருப்பீர்கள். 1931-இல் அவர் எழுதிவைத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. இன்னொன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அதில் தரமான வாசகர் என்று இல்லை.

இனி நான் கேட்பது.

கழிப்பதற்காகக் கட்டிவைத்த மீதிக் கட்டுகள் பின்பக்கத் தாழ்வாரத்தில் இன்னும் இருக்கின்றன, நான் பார்த்தேன். அவற்றை விற்பதை உடனே நிறுத்துங்கள். இரண்டு மாதம் அப்படியே வைத்திருங்கள். அந்தக் கட்டுகளைப் பிரித்து, பாகம் பாகமாக வரும் நாவல்களையும் ஒரே துப்பறிவாளர் வரும் வரிசைகளையும் தனியே எடுக்க என்னைப் போல நாலு வாசகர்களை அனுமதியுங்கள். ஒரு பாகம் மட்டும் சிதைந்திருந்தால் கழிக்கக் கூடாது, கட்ட வேண்டும். ஒரு பாகம் தொலைந்திருந்தால் அந்த ஒரு பாகத்தை மட்டும் வாங்க வேண்டும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, பல பதிப்பகங்கள் குறைந்த விலையில் போடுகின்றன. கொலை வாள் ஒரு பிரதி வாங்க உங்கள் நிதியில் இடமில்லை என்றால் நான் வாங்கித் தருகிறேன், ரசீது மட்டும் கொடுங்கள்.

இரவல் கணக்கைப் பாகத்துக்குப் பாகம் பார்க்காமல் முழு வரிசைக்கும் சேர்த்துப் பாருங்கள். பதிவேட்டை மாற்ற முடியாது என்றால் ஓரத்தில் பென்சிலால் "5-இல் 3" என்று எழுதினாலே போதும், அடுத்து கழிக்க வருகிறவர் ஒரு நிமிடம் யோசிப்பார். பல பாக நாவல்களை வாங்குவதில்லை என்ற முடிவை விலக்கிக்கொள்ளுங்கள். வாங்கினால் முழுதாக வாங்குங்கள். அரைகுறையாக வாங்குவதற்கு வாங்காமலே இருக்கலாம், அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மாத நாவல்களில் எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்லவில்லை. வரிசையாகக் கட்டியவற்றை வைத்துக்கொண்டு, மீதியை ஊர்ப்புற நூலகங்களுக்குக் கொடுங்கள். அங்கேயும் வேண்டாம் என்றால் வாசகர்களிடம் எடைக்கு விலை சொல்லுங்கள். கடைக்காரர் கொடுக்கிற 12 ரூபாயை நாங்களும் கொடுப்போம். நன்கொடையாக வந்த எந்தப் புத்தகத்தையும் கொடுத்த வீட்டாருக்கு ஒரு கடிதம் போடாமல் கழிக்காதீர்கள். டீச்சரம்மாவின் பேத்தி இன்னும் புதுப்பாளையத்தில்தான் இருக்கிறாள். பாட்டி கையெழுத்தில் ஓர் அத்தியாயம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் ஓடிவந்து வாங்கியிருப்பாள். அந்தப் புத்தகத்தை நான் அவளிடம் கொடுப்பதா, உங்களிடம் திருப்பிக் கொடுப்பதா என்பதை உங்கள் பதிலைப் பார்த்து முடிவு செய்வேன்.

பதிலை எழுத்தில் தாருங்கள். வாய்ச்சொல் வேண்டாம், வாய்ச்சொல்லைப் பைண்டு பண்ண முடியாது.

வருகிற புதன்கிழமை காலை 10 மணிக்கு ஊசி, நூல், பசைச் சட்டியோடு நூலக வாசலுக்கு வருகிறேன். கூலி வேண்டாம். அட்டையும் காலிகோவும் மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். முதலில் புது வெள்ளத்தைத் தாருங்கள், அதற்குத்தான் முதுகு அதிகம் விட்டிருக்கிறது.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்துப் பைண்டிங் கடைக்காரன், உங்கள் நூலகத்தின் 44 வருட உறுப்பினன்